ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும்

பண்டத்தரிப்பில் செல்வத்துரை மாஸ்ரரிடம் தமிழ் படித்தவர்களில் காதில் கிள்ளு வாங்காதவர் ஒருவரும் இல்லை. மற்ற மாஸ்ரர்மார் குழப்படி செய்தால் அடிப்பார்கள், வீட்டுவேலை செய்யாமல் வந்தால் அடிப்பார்கள். இவர் அதையெல்லாம் கண்டும் காணாததுமாய் விட்டுவிடுவார். குறில் நெடில் பிழைத்தால் மட்டும் விடமாட்டார். 'கொடு' என்று எழுதச் சொன்னால் 'கோடு' என்று எழுதிக்கொண்டு வருகிற பிள்ளையின் காது அன்றைக்குச் சிவந்தே தீரும். ஒற்றைக்கொம்பு போட்டால் ஒரு பொருள், இரட்டைக்கொம்பு போட்டால் வேறு பொருள், ஒரு சுழியிலே குடி கெட்டுப்போகும் என்று அவர் சொல்லாத நாளில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கடைப் பலகையில் எழுத்துப் பிழை கண்டால் சைக்கிளை நிறுத்தி இறங்கி, கடைக்காரனுக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் தேங்காய் வாங்குவார். கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனால் ஒருவருக்கும் கெடுதல் நினையாத மனிதர்.

அவருக்கும் நவமணிக்கும் கலியாணமாகிக் கனகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை றொபின். படித்து முடித்து, வேலை தேடிக் களைத்து, கடைசியில் யப்பான் பாஷை படிக்கிற விசாவில் ஒசாகாவுக்குப் போனான். பகலில் வகுப்பு, இரவில் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. எப்போதடா நித்திரை கொள்கிறாய் என்று தாய் கேட்டால், ரயிலிலே என்று சொல்லிச் சிரிப்பான். படங்கள் மட்டும் ஒழுங்காக வரும். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு நிற்கிற பழைய மரக் கோயில் வாசல், கிமோனோ உடுத்த ஒருத்தி கையில் ஃபோனோடு றோட்டுக் கடப்பது, இப்படி. கடைசியாக ஒரு பெரிய கோட்டைக்கு முன்னால் நின்று படம் அனுப்பினான். ராசா காலத்துக் கோட்டையாம், ஆனால் மேலே ஏற உள்ளே லிஃப்ட் வைத்திருக்கிறார்களாம். நவமணி அதை ஊரெல்லாம் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவன் ஃபோன் எடுக்கவில்லை. வேலைக் கரைச்சலாக்கும் என்று இருந்தார்கள். ஒரு காலை மயூரதன் என்றொரு பெடியன் அங்கேயிருந்து ஃபோன் எடுத்தான். நெல்லியடிப் பக்கத்துப் பெடியன், றொபினோடு ஒரே தொழிற்சாலையில் நின்றவன். அழுதழுதுதான் சொன்னான். றொபின் நித்திரையிலேயே நெஞ்சு நின்று போய்விட்டான். தனி அறை. வேலைக்கு வரவில்லையே என்று இவன் தேடிப்போய்க் கதவைத் திறப்பித்தபோது நாட்கள் கடந்திருந்தன. ஓகஸ்ட் மாதம். அந்த ஊர் வெயில் எங்கள் ஊர் வெயிலைவிடக் கொடியது என்பது அன்றைக்குத்தான் இவர்களுக்குத் தெரிந்தது.

அந்த நிலையில் உடலை விமானத்தில் ஏற்ற முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இனி இரண்டு வழிதான் என்றான் மயூரதன். ஒன்று எரிப்பது. அங்கே செத்தவர்கள் எல்லாரையும் எரிப்பதுதான் வழக்கம், ஒன்றும் சொல்லாவிட்டால் எரித்துவிடுவார்கள். மற்றது மண்ணில் வைப்பது. அது லேசில் கிடைக்காது. நகரத்துக்கு வெளியே ஒரு மலையில் சின்னக் கிறிஸ்தவச் சபை ஒன்றுக்குப் புதைக்கிற சேமக்காலை இருக்கிறதாம், அவர்களிடம் இவன் போய்க் கெஞ்சி இடம் கேட்டிருக்கிறான், ஓம் என்றிருக்கிறார்கள். ஆனால் உடலைப் பொறுப்பெடுத்து அடக்க ஒழுங்கு செய்கிற மலர்ச்சாலைக்காரர் சொல்லிப்போட்டார், பெற்றவர் நேரிலே வந்து தன் வாயால் சொல்லவேண்டும், அதுவரைக்கும் குளிர் அறையில் வைத்திருக்கிறோம் என்று.

நவமணி அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். எரிப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் எழும்பி வந்து ஃபோனுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர்கள் கிறிஸ்தவர்கள், புதைப்பதுதான் வழக்கம்; ஆனால் அவளுக்கு அது வெறும் வேதக்காரரின் வழக்கம் பற்றிய கதையில்லை. சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்து அவர்களின் வீடு எரிந்தபோது தாய் உள்ளே இருந்தாள். நெருப்பு ஆறியபிறகு, அப்போது குமர்ப்பிள்ளையாக இருந்த நவமணிதான் ஒரு சுளகிலே தாயை அள்ளினாள். எது தாய், எது வீட்டு மரம் என்று தெரியாமல் அள்ளினாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் சுளகு வைத்திருந்ததில்லை. அரிசியைத் தட்டத்தில் போட்டுத்தான் கல் பொறுக்குவாள்.

"நான் ஒருக்கா அள்ளினது காணும்," என்றாள் மாஸ்ரரைப் பார்த்து. "என்ரை பிள்ளையை எரிக்க விடாதேங்கோ. இஞ்சை கொண்டுவர ஏலாட்டில் அந்த மண்ணிலையெண்டாலும் முழுசாய்க் கிடக்கட்டும்."

மாஸ்ரர் தலையாட்டினார். விசா ஒருவருக்குத்தான் கிடைக்கும் போலிருந்தது, அவரிடம்தான் பாஸ்போட் இருந்தது. மயூரதன் ஃபோனிலேயே இரண்டு சொல் சொல்லிக்கொடுத்தான். கசோ என்றால் எரிப்பது. டொசோ என்றால் மண்ணில் வைப்பது. மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்ளுவேன் சேர், நீங்கள் அவர்களுக்கு முன்னால் டொசோ என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றான். நவமணி அதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மனன வசனம் சொல்லுவதுபோல வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அடுப்படியிலும் சொன்னாள், கிணற்றடியிலும் சொன்னாள். எழுதிக் கொண்டு போங்கோ என்று அவரிடமும் சொன்னாள். மாஸ்ரருக்கு அந்தத் துக்கத்துக்குள்ளும் சுருக்கென்றது. முன்னுக்கு ஒற்றைக்கொம்பு, பின்னுக்கு இரட்டைக்கொம்பு, வாழ்நாளெல்லாம் குறில் நெடில் படிப்பித்தவனுக்கு ஒரு இரண்டெழுத்துச் சொல்லை எழுதிக் கொண்டு போகவேணுமோ என்றார். எழுதவில்லை.

கொழும்பில் அவர் விசாவுக்கு அலைந்ததைச் சொல்லப் போனால் அது தனிக் கதை. எப்படியோ போய்ச் சேர்ந்தார். மயூரதன் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்த் தன் அறையிலே வைத்துக்கொண்டான். பொலிஸ் கடதாசி, ஆஸ்பத்திரிக் கடதாசி என்று நாட்கள் இழுபட்டன. பெடியன் இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு இவரோடு கந்தோர் கந்தோராக அலைந்தான். சும்மா சொல்லக்கூடாது, பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது.

கந்தோர்கள் பூட்டிக்கிடந்த ஒருநாள் மாஸ்ரர் அந்தக் கோட்டையைப் பார்க்க வேணும் என்றார். மகன் நின்ற இடத்தில் நிற்கவேணும் போல் இருந்தது. மயூரதன் கூட்டிக்கொண்டு போனான். அகழி, கருங்கல் மதில், பச்சைக் கூரை, எல்லாம் படத்தில் கண்டதுபோலவே இருந்தன. மதிலுக்கு அப்பால் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. வழியில் ஒரு கோயிலில், கழுத்துப்பட்டி கட்டிய பெடியன்கள் மணிக்கயிற்றை இழுத்து, இரண்டு தரம் கைதட்டிக் கும்பிட்டுவிட்டு, திரும்புகிற கையோடு ஃபோனை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். இந்தக் கூட்டத்துக்குள்தானே என் பிள்ளை தனியாகச் செத்துக்கிடந்தான், ஒருவருக்கும் மணக்கவில்லையே என்று மாஸ்ரருக்கு நெஞ்சு எரிந்தது.

ஆனால் அந்தச் சனத்தில் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவ்வளவு மரியாதை. கோட்டை லிஃப்டுக்குள் இவர் ஏறத் தயங்கி நிற்க, மடக்கின குடையோடு ஒரு கிழவி ஒதுங்கி நின்று கையை நீட்டி, "டோசொ" என்றாள். ரயிலில் ஒரு பெட்டை எழும்பி இடம் விட்டு, "டோசொ" என்றாள். கடையில் மிச்சக் காசை இரண்டு கையாலும் தந்தவன் டோசொ. கந்தோரில் கதிரையைக் காட்டியவன் டோசொ. தேத்தண்ணி வைத்தவள் டோசொ. ஏதோ வணக்கம் சொல்லுகிறார்களாக்கும் என்று மாஸ்ரர் அதைக் கேட்டுக்கேட்டு விட்டுவிட்டார். என்னவென்று பெடியனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருதரம் சொல்லித்தந்த சொல் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒதுங்கிக் கிடந்தது, நூறு தரம் கேட்ட சொல் நாக்கு நுனியில் வந்து குந்திக்கொண்டது. இரண்டும் இரண்டு சொல் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

அடக்கத்துக்குக் குறித்த நாள் வந்தது. மயூரதன் முதல்நாள் மாலை வேலைக்குப் போகும்போது எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனான். காலையில் வேலை முடிய நேரே மலர்ச்சாலைக்கு வருகிறேன், நீங்கள் நடந்து வாருங்கள், பக்கந்தானே, வழி காட்டியிருக்கிறேன், நான் வரும்வரைக்கும் இருங்கள் என்றான். மாஸ்ரர் கோயிலுக்குப் போடுகிற கறுத்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேளைக்கே போய்ச் சேர்ந்தார். மயூரதன் வரவில்லை. யாரோ ஒருவன் தண்டவாளத்தில் பாய்ந்து செத்ததில் ரயில்கள் நின்றுவிட்டன என்பது இவருக்கு எப்படித் தெரியும்? ஃபோனும் அந்த ஊரில் வேலை செய்யவில்லை.

மலர்ச்சாலைக்காரர் மெலிந்த மனிதர், வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். இடுப்பு வளைய வணங்கினார். கதிரை காட்டி டோசொ என்றார், தேத்தண்ணி வைத்து டோசொ என்றார். பெட்டி ஏற்கெனவே மூடியிருந்தது. முகம் பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். மாஸ்ரர் பெட்டியின் மேலே கையை வைத்துக்கொண்டு நின்றார். மரம் குளிராக இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து அந்த மனிதர் வாசலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு இவருக்கு முன்னால் வந்து நின்று மெதுவாக ஒரு நீண்ட வசனம் சொன்னார். அந்த வசனத்துக்குள் 'கசோ' இருந்தது. மாஸ்ரருக்கு மற்றது ஒன்றும் விளங்கவில்லை, அது மட்டும் விளங்கியது. கடவுளே, எரிக்கிறதுக்கல்லோ கேட்கிறார்கள்! சொல்லவேண்டிய சொல்லைத் தேடினார். வாய் ஆயத்தமாக வைத்திருந்தது.

"டோசொ," என்றார்.

அந்த மனிதர் அவருடைய முகத்தை ஊன்றிப் பார்த்தார். இன்னொரு தரம் கேட்டார், அதற்குள்ளும் கசோ இருந்தது. மாஸ்ரர் இரண்டு கையையும் நீட்டி, கண் கலங்க, டோசொ டோசொ என்று மன்றாடினார். எங்கள் ஊர் ஓம் சொல்லுகிறமாதிரித் தலையையும் ஆட்டினார். அந்த மனிதர் முன்னையைவிட ஆழமாக வணங்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். மாஸ்ரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நவமணி, நான் சொல்லிப்போட்டன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

கறுத்த வாகனம் நகரத்துக்குள்ளால் ஓடி, மரங்கள் நின்ற ஒரு சின்ன ஏற்றத்தில் ஏறியது. மலை வருகிறது என்று மாஸ்ரர் நினைத்தார். இறங்கிய இடத்தில் கல் பதித்த பெரிய கட்டடம் ஒன்று, ஆஸ்பத்திரி வாசல் போலத் துப்புரவாக இருந்தது. சிலுவை எங்கே என்று பார்த்தார், காணவில்லை. இந்த ஊரில் எதுதான் எங்கள் ஊரைப் போல இருக்கிறது, கோட்டைக்குள்ளே லிஃப்ட் வைக்கிறவர்கள்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். உள்ளே பளபளவென்று இரும்புக் கதவுகள் வரிசையாக இருந்தன. லிஃப்டுகள். கீழே அந்தப் பக்கம் சேமக்காலை இருக்கும், பெட்டியை இதாலே இறக்கப்போகிறார்கள். தொப்பி போட்ட ஒருவன் ஒரு கதவைத் திறந்து, பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, இவரைப் பார்த்து வணங்கி ஏதோ கேட்டான். மாஸ்ரர் கையை நீட்டி டோசொ என்றார்.

கதவு மூடத் தொடங்கியபோது அவருக்கு மனம் கேட்கவில்லை. ஓர் அடி முன்னால் போனார்.

"போ ராசா," என்றார். "அப்பா கீழை வாறன்."

எல்லோரும் வணங்கினார்கள். மாஸ்ரர் தன்னையும் கீழே கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கதவுக்கு முன்னாலேயே நின்றார். பக்கச் சுவரில் பொத்தான் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். மலர்ச்சாலைக்காரர் அவருடைய முழங்கையை மெல்லப் பிடித்து ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, மறுபடியும் தேத்தண்ணி கொடுத்தார். குழி வெட்டி ஆயத்தப்படுத்துகிறார்களாக்கும், போதகர் வரவேண்டுமாக்கும் என்று அவர் காத்திருந்தார். ஒரு பாட்டைத் தானே சின்னக் குரலில் பாடினார். இரண்டாம் அடியில் சொல் மறந்துபோனது.

பிறகு கூப்பிட்டார்கள். சேமக்காலைக்கு என்று எழும்பிப் போனார். அது இன்னோர் அறை. நடுவில் ஒரு நீண்ட இரும்புத் தட்டம், அதிலிருந்து சூடு அடித்தது. தட்டத்தில் வெள்ளையாய்க் கிடந்தது. மலர்ச்சாலைக்காரர் ஒருசோடிக் குச்சியை இரண்டு கையாலும் நீட்டினார். தானும் ஒருசோடி எடுத்துக்கொண்டார். மாஸ்ரர் குச்சியைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார். அது எலும்பு என்று விளங்கியது. நிலத்தில் இருந்துவிட்டார்.

அது அங்கத்தைய பழைய வழக்கம். சொந்தக்காரர் இரண்டு இரண்டு பேராக ஒரே எலும்பைக் குச்சியால் பிடித்துத் தூக்கிக் குடத்தில் போடவேண்டும், கால் பக்கத்தில் தொடங்கித் தலைக்கு வரவேண்டும். மாஸ்ரரைத் தூக்கி நிறுத்தினார்கள். மனம் செத்த மனிதன் சொன்னதைச் செய்வான். அவரும் செய்தார். குச்சி பிடிக்கத் தெரியாத கையால் மகனின் காலைப் பிடித்தார், அது வழுக்கி விழுந்தது, மறுபடி பிடித்தார். கடைசியாகத் தொப்பிக்காரன் தொண்டைப் பக்கத்து எலும்பு ஒன்றை எடுத்து, பக்குவமாக மேலே வைத்துக் குடத்தை மூடினான். சின்னக் குடம். தட்டத்தில் அரைவாசிக்கு மேல் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கத்தில் கொஞ்சத்தைத்தான் எடுப்பார்களாம், மிச்சத்தை அவர்களே ஓரிடத்தில் சேர்த்துவிடுவார்களாம். இவருக்கு அது விளங்காது. தட்டத்தை இழுத்துக்கொண்டு போகப் பார்ப்பது மட்டும் விளங்கியது.

மாஸ்ரர் கோட்டுப் பையிலிருந்து முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து மேசையில் விரித்தார். வெறுங்கையால் அள்ளத் தொடங்கினார். சூடு பொறுக்கவில்லை, விரல் பொக்களித்தது, அள்ளினார். தொப்பிக்காரன் பதறித் தடுக்க வந்தான். மலர்ச்சாலைக்காரர் அவனைக் கையால் மறித்து ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு ஒதுங்கி நின்று, தட்டத்தின் பக்கம் இரண்டு கையையும் நீட்டி, தலை குனிந்து மாஸ்ரருக்குச் சொன்னார்.

"டோசொ."

மாஸ்ரரின் கை நின்றது. எத்தனை வருஷம் பிள்ளைகளின் வாயையே பார்த்திருந்த காது அது. அப்போதுதான் அந்தச் சொல்லை அது முதல்முறையாகக் கேட்டது. முன்னுக்கு நெடில், பின்னுக்குக் குறில். இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது. இதையல்லவா நான் சொன்னேன், இதையல்லவா நான் கையை நீட்டி நீட்டிச் சொன்னேன் என்று அவருக்குள் ஏதோ இடிந்து விழுந்தது.

மயூரதன் ஓடி வந்து சேர்ந்தபோது மாஸ்ரர் லேஞ்சியை முடிந்துகொண்டிருந்தார். தொழிற்சாலைத் தொப்பியோடு வாசலில் நின்ற பெடியன் தட்டத்தைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான். ஐயோ சேர் என்றுமட்டும் சொன்னான். மாஸ்ரர் நிமிரவில்லை.

"தம்பி, டோசொ எண்டால் என்ன?"

பெடியன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். "செய்யுங்கோ, எடுங்கோ எண்டு மரியாதையாய்ச் சொல்லுறது, சேர்," என்றான் பிறகு. மாஸ்ரர் லேஞ்சியின் முடிச்சை இன்னொருதரம் இறுக்கினார். என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு அதிலேயே விளங்கிவிட்டது. சுவரோடு சாய்ந்து நின்று விம்மினான். எங்கடை காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் சேர், நான்தான் பிந்திவிட்டேன், பிழை என்னுடையது என்றான். அம்மாவுக்கு நான் சொல்லுகிறேன், இங்கத்தைச் சட்டம் இடங்கொடுக்கவில்லை, கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார்கள் என்று சொல்லுகிறேன் என்றான். மாஸ்ரர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பொய் அப்படித்தான் அவருக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

நவமணி ஃபோனில் அதைக் கேட்டுவிட்டு அழவில்லையாம். வீட்டுக்கு வந்து இறங்கியவரின் கையில் இருந்த குடத்தையும் முடிச்சையும் வாங்கி, மகனின் கட்டிலில் வைத்துவிட்டு, தச்சரைக் கூப்பிட்டு ஆளளவுக்குச் சவப்பெட்டி செய்யச் சொன்னாள். சேமக்காலையில் தன் ஆட்களின் வரிசையில் ஆளளவுக்குக் குழி வெட்டச் சொன்னாள். இவ்வளவு பெரிதாக வேண்டுமா என்று அடைக்கலநாதன் போதகர் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் மனிதர் பேசாமல் போய்விட்டார். பெட்டிக்குள் றொபினின் காற்சட்டை, சேட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் ஆள் படுத்திருக்கிற மாதிரி விரித்து, நெஞ்சிருக்கிற இடத்தில் குடத்தை வைத்தாள். முடிச்சை வயிற்றோடு சேர்த்து வைத்தாள். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

துக்கத்துக்கு வந்த சனம் யப்பான்காரனைத் திட்டிவிட்டுப் போனது. ஈவிரக்கம் இல்லாததுகள் என்றது, மெஷின் மாதிரியான சனம் என்றது. நவமணியும் திட்டினாள். கும்பிட்டுக் கும்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு என் பிள்ளையைக் கொண்டுபோய் எரித்துவிட்டார்களே, அவர்கள் நல்லாயிருப்பார்களா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். மாஸ்ரருக்கு அந்த மெலிந்த மனிதரின் வெள்ளைக் கையுறை கண்ணுக்குள் வரும். அந்த ஆளில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்ல வாயெடுப்பார். நாக்கு எழும்பாது. தனியே இருக்கும்போது மட்டும் அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பார். டொசோ, டோசொ. டொசோ, டோசொ. பொக்களித்த விரலாலே காற்றில் கொம்பு போட்டுப் பார்ப்பார். இப்போது ஒன்றும் பிழைக்காமல் வரும், என்ன பிரயோசனம்?

அடக்க நாளன்று நல்ல வெயில். சேமக்காலைச் செம்மண் குழிக்கரையில் குவிந்து கிடந்தது. போதகர் ஜெபம் சொல்லி முடித்தார். பெட்டி இறங்கியது. பாரமில்லாத பெட்டி, கயிறு பிடித்தவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். முதற்பிடி மண் தகப்பன் போடவேண்டும். மாஸ்ரர் குனிந்து அள்ளிப் போட்டார். அடுத்தது தாய். நவமணி ஏற்கெனவே கை நிறைய மண்ணோடு பக்கத்தில் நின்றாள். மாஸ்ரர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஒதுங்கும்போது உடம்பு தானாகக் குனிந்தது, கை தானாகக் குழியின் பக்கம் நீண்டது, வாயும் தானாகத் திறந்தது.

"டோசொ," என்றார்.

நவமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சொல் தெரியும். அடுப்படியிலும் கிணற்றடியிலும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கின சொல் அல்லவா? பாவி மனிதன் குழிக்கரையில் நின்றும் அதையே நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். முகம் இளகியது.

"மாறிச் சொல்லுறியள்," என்றாள் மெதுவாக. "டோசொ இல்லை. டொசோ."

சொல்லி முடிய, அவளுடைய முகம் அப்படியே நின்றது. மண் பிடித்த கையும் நின்றது. பின்னால் சனம் காத்து நின்றது, போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

"அங்கையும் உப்பிடித்தான் சொன்னனீங்களோ?"

மாஸ்ரர் அவளைப் பார்த்தார். மயூரதன் செய்துகொடுத்த பொய் கைக்கெட்டின தூரத்தில்தான் இருந்தது.

"ஓம்," என்றார்.

"அப்ப, சட்டமெண்டது?"

அவர் தலையை இல்லையென்று ஆட்டினார்.

நவமணி அவருடைய வலக்கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் சூடுபட்ட தோல் இன்னும் ஆறாமல் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவும் செய்தாள். பார்த்துக்கொண்டே தன் கையில் இருந்த மண் முழுவதையும் அதிலே கொட்டி, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"என்ரை பங்கையும் நீங்களே போடுங்கோ," என்றாள்.

சனம் விலகி வழிவிட, கல்லறைகளுக்கு நடுவாலே அவள் படலையை நோக்கி நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் படலை தாண்டும்வரை மாஸ்ரர் மூடின கையோடு நின்றார். பிறகு குனிந்து அவளுடைய பங்கையும் போட்டார்.